இடிபாட்டு ரசனை

தமிழ்க் கவிஞனுக்கு ஓர் இடிந்த சுவர் கிடைத்துவிட்டால் போதும். வேறு விஷயம் தேவையில்லை. சுவரிடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் கடலும் இருந்துவிட்டால் இன்னும் சௌகரியம். காலம், வெறுமை, மௌனம் என்கிற மூன்று சொற்களை இடம் மாற்றி இடம் மாற்றிப் போட்டுப் பதினைந்து வரி தேற்றிவிடலாம். கவிராயர்கள் மூவேந்தர் புகழ் பாடியபோது சிரித்தவர்கள் நாம். தொடர்கதைக்காரர்கள் அகழி, கொத்தளம், சுரங்க வழி என்று வாராவாரம் அளந்தபோதும் சிரித்தோம். அவர்களாவது கோட்டைக்குள் மனிதர்களை, அட்டையில் வெட்டிய மனிதர்களையாவது, நடமாட விட்டார்கள். நாம் அந்த மனிதர்களையும் வெளியேற்றிவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு நவீனத்துவம் என்று பெயரும் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் யாழ்ப்பாணக் கோட்டை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். கொஞ்ச நாளில் நின்றுபோய் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம். போகிறவர்களில் நம் இலக்கிய அன்பர்களும் உண்டு. திரும்பி வந்ததும் ஆளுக்கொரு கோட்டைக் கவிதை. கையெழுத்துப் பிரதியாகவும் அச்சிலும் சென்ற ஓராண்டில் என் பார்வைக்கு வந்தவை பத்துக்குக் குறையாது. எல்லாவற்றிலும் அதே கல், அதே காக்கை, அதே சூரிய அஸ்தமனம். ஒன்றில் மட்டும் காக்கைக்குப் பதில் கொக்கு. நீரேரிக் கரையாகையால் அதை மெய்ம்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

நானும் போயிருந்தேன். அவர்கள் நின்ற இடத்தில்தான் நின்றேன். ஆகவே அவர்கள் எதைப் பார்க்கவில்லை என்று சொல்கிற யோக்யதை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

கோட்டையின் பூர்வோத்தரம் எல்லோரும் அறிந்தது. 1619-ல் யாழ்ப்பாண ராஜ்யத்தைப் பிடித்த போர்த்துக்கீசியர் கட்ட ஆரம்பித்தது. 1658-ல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்து (டச்சுக்காரர்களை அங்கே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்) ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். 1795-ல் ஆங்கிலேயரிடம் கைமாறியது. முருகைக்கல் சுவர், அகழி, ஐந்து மூலைக்கும் ஐந்து கொத்தளம். உள்ளே 1706-ல் கட்டிய ஒல்லாந்த தேவாலயம் ஒன்று இருந்தது. இப்போது அது ஒரு கற்குவியல். போர் முடிந்தபின் ஒல்லாந்து அரசின் உதவியோடு மதில்களைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். புதுக்கல் எது, பழங்கல் எது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. சாயங்காலங்களில் இளஞ்ஜோடிகளும் குழந்தை குட்டிகளோடு குடும்பங்களும் மதில்மேல் காற்று வாங்குகிறார்கள். அவர்கள் காற்று வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஊர்க்காரன் தன் ஊர்க் கோட்டையில் உட்கார்ந்து கடலை தின்ன யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. என் சண்டை கவிஞர்களோடுதான்.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் மதில்மேல் அங்குமிங்கும் அலைந்து எதையோ தேடினார். என்னவென்று கேட்டால் லெனார்ட் வுல்ஃப் குடியிருந்த பங்களா எந்தப் பக்கம் என்று பார்க்கிறாராம். வாஸ்தவம்தான். வுல்ஃப் 1905-ல் யாழ்ப்பாணக் கச்சேரி உத்தியோகத்துக்கு வந்தவர், இந்த மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார், பிற்பாடு வர்ஜீனியாவை மணந்தார். நம் நவீன இலக்கிய மனசுக்கு யாழ்ப்பாணக் கோட்டையில் கிடைத்த ஒரே உயிருள்ள மனிதர், ஏழாண்டு இலங்கையில் உத்தியோகம் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார ஸிவிலியன். அந்த மதிலுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் என்னென்ன நடந்தது என்று நண்பருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். தெரிந்ததைக் கவிதைக்குள் விட்டால் கவிதை கெட்டுவிடும் என்கிற ஓர் அச்சம், அதுதான்.

கூப்பிடு தூரம் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. கோட்டைக்கு முன்னால் முற்றவெளி. 1974 ஜனவரி 10-ந் தேதி, நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் கடைசிக் கூட்டத்தில் போலீஸ் புகுந்து, மின்கம்பி அறுந்து விழுந்து, கேட்க வந்த ஜனங்கள் செத்தது அங்கே. பக்கத்தில் பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. போனவை தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் என்று கணக்கு. ஒட்டினாற்போல் துரையப்பா விளையாட்டரங்கு. 1999-ல் செப்பனிடத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆஸ்பத்திரி. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, அதற்குள் புகுந்த ராணுவம் டாக்டர்கள், நர்ஸுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் கொன்றது. இரு தரப்புச் சண்டையில் நேர்ந்தது என்று ராணுவம் சொன்னது. தப்பிய டாக்டர்களும் நோயாளிகளும் வேறு விதமாகச் சொன்னார்கள். அந்த ராணுவம் இலங்கை ராணுவம் அல்ல. நம்முடையது. கோட்டைக் கவிதைகள் எதிலும் இந்திய அமைதிப்படை என்கிற சொல் வரவில்லை. மௌனம் என்ற சொல் ஏழு தரம் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடற்கரைக் கோட்டை என்றால் கடலில் வருகிற எதிரிக்காகக் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கோட்டையைச் சுற்றி நடந்து பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அகழியும் கொத்தளமும் கடலுக்குக் காட்டுகிற கவனத்தைவிட ஊருக்குக் காட்டுகிற கவனம் அதிகம். போர்த்துக்கீசியரிலிருந்து கடைசியில் வந்தவர் வரை, உள்ளே இருந்தவர் அத்தனை பேருக்கும் பயம் ஊரைக் கண்டுதான். எண்பதுகளின் நடுவில் இலங்கை ராணுவம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தது. வெளியே இயக்கங்களின் காவலரண்கள். ஊர் கோட்டையைக் காவல் காத்தது என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் நிலைமை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. உள்ளே சுமார் இருநூறு சிப்பாய்களும் போலீஸாரும் இருந்தார்கள். அந்த இருநூறு பேரைக் காப்பாற்ற, வெளியே இருந்த நகரத்தின்மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் இது நடந்தது. செப்டம்பர் 26-ந் தேதி ராணுவம் கோட்டையை விட்டுக் கடல்வழி வெளியேறியது. கோட்டை புலிகள் வசமாயிற்று. எதிரி திரும்பி வந்து ஒண்டிக்கொள்ள இடம் இருக்கக் கூடாதென்று மதில்களை இடித்தார்கள். 1995 டிசம்பரில் ராணுவம் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இடிபாடு. நம் கவிஞர்கள் ‘காலம் தின்ற சுவர்’ என்கிறார்களே, அந்தச் சுவரைத் தின்றது காலம் அல்ல. தின்றவர்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, கையில் வெடிமருந்து இருந்தது. காலத்தின்மேல் பழியைப் போடுவது நமக்கு வசதி. காலம் மறுப்புக் கடிதம் எழுதாது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் போரை உள்நாட்டுப் போர் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து கோபித்துக்கொண்டார். அது இன ஒடுக்குமுறை, விடுதலைப் போர், உள்நாட்டுப் போர் என்றால் சமமான இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டதாக அர்த்தமாகிவிடும் என்றார். கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1956 சட்டத்திலிருந்து 1983 ஜூலை வரை நடந்தவற்றைப் படித்தவன் யாரும் இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லமாட்டான். என்றாலும் அந்தச் சொல்லை நான் விடுவதாக இல்லை. என் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. உள்நாடு என்பதில் இருக்கிற ‘உள்’தான் எனக்கு முக்கியம். வீட்டுக்குள், தெருவுக்குள், பந்திக்குள், பள்ளிக்கூடத்துக்குள் நடந்த போர். அதை ‘வெளியே’ இருக்கிற எதிரியோடு மட்டும் நடந்ததாகச் சொல்லும் அத்தனை வீர கதைகளும் கோட்டைச் சுவரைப் போன்றவை. சுவர் எழும்பியவுடன் உள்ளே நடப்பது தெரியாது.

என்ன நடந்தது? கோட்டை விழுந்த செப்டம்பர் 26-லிருந்து முப்பத்துநாலு நாள் எண்ணுங்கள். அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை உஸ்மானியக் கல்லூரிப் பக்கத்து மைதானத்தில் வந்து கூடச் சொன்னார்கள் புலிகள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. கையில் கொஞ்சம் பணம், மாற்றுத் துணி. நகைகளைப் பரிசோதித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த மாதம் முழுவதுமாக வட மாகாணம் பூராவும் இப்படித் துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய் ஓலைக் கொட்டகைகளில் அடைந்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே தையல் கடையும் இரும்புக் கடையும் நகைக் கடையும் வைத்திருந்தவர்கள். கோட்டையைப் பிடித்தது அன்னியனிடமிருந்து ஊரை மீட்பதற்கு என்றால், மீட்ட ஊரிலிருந்து முதல் காரியமாக ஊர்க்காரனைத் துரத்தியது எதற்கு?

சோனகத் தெருப் பக்கம் போனேன். ஆட்டோக்காரர் கொஞ்சம் தயங்கினார். “ஐயா இந்தியாவோ? அங்க பாக்க ஒண்டும் இல்லையே. எல்லாரும் கோட்டைக்கும் நல்லூருக்கும்தான் போகினம்” என்றார். பார்க்க ஒன்றும் இல்லை என்பது சரிதான். திரும்பி வந்து குடியேறியவர்கள் சிலர் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது. நடுநடுவே கூரையில்லாத வீடுகள். அடுக்களைச் சுவரில் பதித்த மாடம், அதில் பழைய புகைக்கரி, உள்ளே ஆளுயரத்துக்குப் புதர். இதுவும் இடிபாடுதான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான். இங்கேயும் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. காக்கைகளுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த இடிபாட்டைப் பற்றி ஒரு கவிஞனும் பதினைந்து வரி எழுதிக்கொண்டு கப்பல் ஏறக் காணோம். ஏன்? கோட்டை இடிபாடு யாரையும் எதுவும் கேட்காது. ஒல்லாந்தன் செத்து முந்நூறு வருஷம் ஆயிற்று. அடுக்களை இடிபாடு கேட்கும். வீட்டுக்காரன் புத்தளத்தில் உயிரோடு இருக்கிறான்.

இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றித் தமிழ்நாட்டில் மேடை மேடையாகச் சொல்லப்படும் கவிதை எது? ‘புத்தரின் படுகொலை’. அதை எழுதியவர் எம்.ஏ.நுஃமான். கல்முனைக்காரர், முஸ்லிம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தவர். அலை யேசுராசாவோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984-ல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தபோது நாமெல்லாம் வாங்கிப் படித்தோம், ஈழக் கவிதை என்றால் என்னவென்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நூலகம் எரிந்த துக்கத்தைத் தமிழுக்குச் சொல்லித்தந்தவரின் சமூகத்தை நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து துரத்தினார்கள். கவிதையை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களில் எத்தனை பேர் 1990 அக்டோபரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினார்கள்? மிகச் சிலர். விரல் விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். ஈழத்தவர்களே எழுதினார்கள். உயிரைப் பணயம் வைத்து எழுதினார்கள். ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21-ல், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சுடப்பட்டார். நமக்கு இங்கே என்ன பணயம்? கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதானே.

பதில் எனக்குத் தெரியும். பல தடவை கேட்டதுதான். ‘இதைப் பேசினால் சிங்களப் பேரினவாதத்துக்குத் துணை போவதாகும்.’ முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் நடந்ததைச் சொல்லவேண்டிய நேரத்தில் 1990-ஐக் கிளறலாமா என்கிறார்கள். கிளறலாம். ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டும் என்கிற இந்தக் கணக்கு அரசியல் கட்சிக்காரனுடைய கணக்கு. இலக்கியக்காரன் அதை ஏன் இரவல் வாங்க வேண்டும்? புலிகள் தரப்பிலிருந்தே 2002-ல், பத்திரிகையாளர்கள் முன்னால், அந்த வெளியேற்றம் அரசியல் ரீதியான தவறு என்று சொன்னார்கள். செய்தவர்கள் ஒப்புக்கொண்டதை நாற்பது மைல் கடலுக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு நாம் மறைத்துக்காட்டுகிறோம்.

இன்னொரு பதில் சுத்த இலக்கியக்காரர்களுடையது. கவிதை என்ன விசாரணைக் கமிஷனா, தேதியும் பெயரும் அதற்கு எதற்கு என்கிறார்கள். நல்ல கேள்வி. தேதியும் பெயரும் கவிதைக்கு வேண்டியதில்லைதான். ஆனால் தேதியும் பெயரும் தெரிந்த ஒருவன் எழுதுகிற மௌனம் வேறு. தெரிந்துகொள்ள மெனக்கெடாதவனின் மௌனம் வேறு. இரண்டும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இரண்டு வரி படித்தால் போதும், தெரிந்துவிடும். பிரமிள் திருகோணமலைக்காரர். அங்கேயும் கடலோரம் ஒரு கோட்டை, கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கீசியர் கட்டியது. அவர் கோட்டைக் கவிதை எழுதிக்கொண்டிராமல் 1984-ல் ‘ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை’ என்று உரைநடையில் ஒரு புத்தகம் எழுதினார். படிமத்தின் உச்சத்தைத் தொட்டவன் என்று நாம் கொண்டாடுகிற கவிஞன், இந்த விஷயத்துக்கு உரைநடை வேண்டும் என்று நினைத்தான். அவருடைய படிமங்களைக் காப்பியடித்த அளவுக்கு அந்த நினைப்பை யாரும் காப்பியடிக்கவில்லை.

யாழ்ப்பாணம் அத்தனை தூரம் போவானேன். எங்கள் கடற்கரையிலேயே இந்தக் கண்கட்டு வித்தை நடக்கிறது. நான் இருப்பது குயிலாப்பாளையம். செம்மண், முந்திரிக்காடு, ஆரோவில் வந்தபின் தெரு முழுக்க விருந்தினர் விடுதியும் காப்பிக் கடையும். இங்கே வருகிற இலக்கிய நண்பர்களை ஆலம்பரைக் கோட்டைக்கு அழைத்துப் போவது ஒரு சடங்காகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கத்துக்குப் பக்கம், உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. பீரங்கி துளைத்த சுவர். சினிமாக்காரர்களுக்கும் கல்யாண போட்டோக்காரர்களுக்கும் பிடித்த இடம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்ட இடம் என்று சொல்லிவைக்கிறோம். அதாவது வெளியாள் சண்டை, நமக்குச் சம்பந்தமில்லை.

சம்பந்தம் எப்படி இல்லாமல் போகும்? நிஜாமின் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள்வயிற்றுப் பேரன் முஸாபர் ஜங்குக்கும் பட்டத்துக்காகச் சண்டை. தாய்மாமனும் மருமகனும். ஆற்காட்டில் அன்வருத்தீன் குடும்பத்துக்கும் சந்தா சாகிபுக்கும் சண்டை. 1749-ல் ஆம்பூரில் அன்வருத்தீன் செத்தார். 1750 டிசம்பரில், எங்கள் செஞ்சிக்குப் பக்கத்தில், நாசிர் ஜங்கைச் சொந்தப் பாளயத்திலிருந்தவர்களே சதிசெய்து கொன்றார்கள். 1752-ல் சந்தா சாகிபின் தலை போயிற்று. இந்தக் குடும்பச் சண்டையில் ஒரு கட்சி கொடுத்த சன்மானமாகத்தான் ஆலம்பரை 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இதை உள்நாட்டுப் போர் என்று நம் பாடப்புத்தகம் சொல்வதில்லை, கர்நாடகப் போர் என்கிறது. பீரங்கியும் பட்டாளமும் வெளியாளுடையவை. சண்டை உள்ளே இருந்தது.

அந்தக் காலத்தில் இதை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 வரை, இடையில் சில வருஷம் துபாஷியாகவும் இருந்துகொண்டு, நாள்தோறும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவன் எவனைப் பற்றிக் கோள் சொன்னான், முற்றுகை வருகிறதென்று எந்தெந்தக் குடும்பம் மூட்டை கட்டியது, அரிசி என்ன விலை விற்றது. தன் சாதிப்பெருமையும் சோதிட நம்பிக்கையும் பதவி ஆசையும் உட்பட எதையும் அவர் ஒளிக்கவில்லை. கோட்டைகள் நொறுங்கிய காலத்தில் வாழ்ந்த அந்த மனிதர் இடிபாட்டைப் பார்த்து உருகியதாக எனக்கு ஞாபகமில்லை. நேரம் இருந்திருக்காது. பக்கத்து வீட்டில் யார் ஓடிப்போனார்கள் என்று குறித்துவைக்க வேண்டியிருந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் நாம் அவரைவிட நவீனமானவர்கள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

குயிலாப்பாளையத்திலிருந்து ஆலம்பரை போகிற வழியில், காலாப்பட்டைத் தாண்டியதும் கீழ்ப்புத்துப்பட்டு வரும். சைக்கிளில் போகக்கூடிய தூரம். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்காகப் பலருக்கும் தெரிந்த ஊர். அங்கேதான் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021-ல் அகதி முகாம் என்கிற பெயரை அரசு மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. பெயர் நல்ல பெயர்தான். 2003-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் சட்டவிரோதமாக வந்தவர்கள். 2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களில் சிலருக்கு வழி திறந்தது, இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இப்படி. இங்கேயே பிறந்து இங்கேயே கல்யாணமும் ஆனவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் தெருவிலோ ஐம்பது நாட்டுக்காரர்களைப் பார்க்கலாம். 1968 பிப்ரவரி 28-ந் தேதி இந்தச் செம்மண்ணில் 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். உலகம் பூராவிலிருந்தும் மண் வந்தது, பின்னால் மனிதர்களும் வந்தார்கள். இருக்கட்டும், அதில் எனக்குச் சந்தோஷமே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே, அதே கடலோரம், முப்பது மைல் நீரிணையைத் தாண்டி வந்தவனுக்கு மட்டும் மண் கிடைக்கவில்லை. இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் தினம் பஸ் ஓடுகிறது. ஆலம்பரைக்குப் போகும் வேனும் ஓடுகிறது. வேனில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறார்கள். முகாம் இருப்பதும் சாலையோரம்தான். பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

முகாம் ஆண்களில் பலருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்கள் தெருவில் ஒரு விடுதிக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஒருவரோடு ஒரு வாரம் பேச வாய்த்தது. குருநகரில் பிறந்தவர். 1990-ல் எட்டு வயசு. கோட்டையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு. என்னிடம் ‘ஆமா ஸார்’ என்பவர், போனில் வீட்டாரோடு பேசும்போது ‘ஓம்’ என்பார். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு அதில் பெரிய சுவாரஸ்யம் ஏற்படவில்லை. “நான் உள்ள போனதே இல்ல ஸார். அங்கேர்ந்து ஷெல் வரும், நாங்க பங்கருக்குள்ள போயிருவோம், அவ்வளவுதான் எனக்குக் கோட்டை” என்றார். செப்டம்பரில் கோட்டை விழுந்தது தெரியுமா என்று கேட்டேன். “எப்படித் தெரியும்? அப்ப நாங்க மண்டபம் கேம்ப்ல சோத்து வரிசையில நின்னுகிட்டு இருந்தோம்.” பிறகு, தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே அவர் என்னைக் கேட்டது வேறு. பண்ணைப் பாலத்துப் பக்கம் இன்னும் சிறகுவலை கட்டுகிறார்களா, குருநகர் சந்தையில் காலையில் நண்டு என்ன விலை போகிறது. கரையில் ஏலம் விடுகிற இடம் மாறிவிட்டதா என்றும் கேட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்.

அவரை எங்கள் நண்பர்கள் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துவரலாமா என்று யோசித்தேன். அன்று முகாமில் செக்கிங், தலை எண்ணுவார்கள், இருந்தாக வேண்டும் என்றார். கூட்டத்தில் அன்றைக்கு வாசித்தவை இரண்டு கோட்டைக் கவிதைகள்.

சிறுபத்திரிகைகள் முப்பது நாற்பது வருஷமாக ஈழ இலக்கியத்துக்கு இடம் கொடுத்து வந்திருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், பாரிஸ், டொரொன்டோ என்று எங்கெங்கிருந்தோ வந்ததை அச்சிட்டோம். கீழ்ப்புத்துப்பட்டிலிருந்து ஒரு பக்கம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. டொரொன்டோவிலிருந்து வந்தால் புலம்பெயர் இலக்கியம், பத்துக் கிலோமீட்டரிலிருந்து வந்தால் அதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை. பெயின்டருடைய பெண் ப்ளஸ் டூ முடித்தவள், தமிழில் நல்ல மார்க்காம். ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள் என்று சொன்னார். எதைப் பற்றி, ஊரைப் பற்றியா, போரைப் பற்றியா என்று ஆவலோடு கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல ஸார். தண்ணி லாரியைப் பத்தி.”